மறுநாள் காலை என்ன சொல்கிறது? காய்ச்சலிலிருந்து எழுந்து உடற்பயிற்சிக்குத் திரும்புகிறவர்களுக்கு

ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். எனக்கு வந்தது டெங்கு. அதற்கு முன்னால் தினமும் விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டக் கரையில் இருக்கிற எங்கள் மண்டபம் ஊரில் 5 கிலோமீட்டர் போவேன், பாதி நடை, பாதி ஓட்டம். காய்ச்சல் விட்டு ஆறாவது நாள் பசி எடுத்தது, நன்றாகத் தூங்கினேன், இனி என்ன என்று ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். 3 கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. சொல்லப்போனால் தெம்பாகவே இருந்தது. மறுநாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் நனைந்த சாக்கு மாதிரி கனத்தன. பல் தேய்க்கக் குனிந்தால் கிறுகிறுத்தது. திரும்பவும் நான்கு நாள் படுக்கை.

நோயிலிருந்து எழுந்த உடம்பு அன்றைக்கே பதில் சொல்லாது என்பது அப்போதுதான் புரிந்தது. மறுநாள் காலையில் சொல்லும். சிலருக்கு அதற்கும் அடுத்த நாள். அதனால் இன்றைய தெம்பைப் பார்த்து நாளைய அளவை முடிவு செய்யாதீர்கள். நாளைக் காலையில் உடம்பு என்ன சொல்கிறதோ அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கீழே சொல்கிற எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை.

வாசலைத் தாண்டும் முன்

மாத்திரை போடாமலே காய்ச்சல் முழுதாக விட்டு இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும். பாராசிட்டமால் போட்டு உடம்பு குளிர்ந்திருப்பதைக் காய்ச்சல் விட்டதாகக் கணக்கு வைக்கக் கூடாது. டெங்குவில் இன்னும் ஒரு சங்கதி உண்டு. காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப்போவது என்று ஏதாவது தெரிந்தால் நடைப் பேச்சே வேண்டாம், நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

சாதாரண சளிக்காய்ச்சல் என்றால் நீங்களே பார்த்துத் தொடங்கலாம். கீழே சொல்கிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்: நிமோனியாவோ கோவிட்டோ வந்து ஆக்சிஜன் வைத்தவர்கள், நோயின்போதோ பிறகோ நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் வந்தவர்கள், இதயநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மஞ்சள்காமாலையோ காசநோயோ உள்ளவர்கள். இதில் நெஞ்சு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வைரஸ் காய்ச்சல் சில சமயம் இதயத் தசையிலேயே வீக்கத்தை உண்டாக்கிவிடும். அந்த நிலையில் ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை கடும் பயிற்சி கூடாது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரு ஈசிஜி எடுத்துப் பார்க்கச் சோம்பல்பட்டு இதைக் கடந்துபோகாதீர்கள்.

டைபாய்டு வந்தால் குடலில் புண் உண்டாகும், காய்ச்சல் விட்ட பிறகும் அது ஆற நாளாகும். அதுவரை கனம் தூக்கக் கூடாது. டைபாய்டிலும் மலேரியாவிலும் மண்ணீரல் வீங்கியிருக்கலாம். அடிபட்டால் கிழியக்கூடிய உறுப்பு அது. டெங்குவில் ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் குறைந்திருக்கும். இந்த மூன்றில் எது வந்திருந்தாலும் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை கபடிக் களம் பக்கம் போகாதீர்கள். சிக்குன்குனியா வேறு மாதிரி. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும், மூட்டுவலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். அவர்கள் மூட்டை அசைக்காமலே வைத்திருந்தால் இறுக்கம் கூடும். பாரம் ஏற்றாமல் மடக்கி நீட்ட வேண்டும்.

காலண்டரும் இரண்டு விரலும்

கருவி எதுவும் வாங்க வேண்டாம். சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டர் போதும்.

காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன், படுத்தபடியே நாடியைப் பாருங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதிலேயே ஒரு துடிப்பு இருப்பதால் கணக்குக் குழம்பும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அந்த எண்ணை அன்றைய தாளில் எழுதுங்கள். பக்கத்தில் ஒரே ஒரு சொல்: நல்லது, சுமார், அசதி. அவ்வளவுதான்.

மூன்று நான்கு நாள் எழுதினால் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். பிறகு ஒரு காலையில் அதைவிட 10 துடிப்பு கூடியிருந்தால், அல்லது 'அசதி' என்று எழுத வேண்டி வந்தால், அன்றைக்கு ஓய்வு. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ துடிப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த எண் சரியாகக் காட்டாது. அவர்கள் அந்த ஒற்றைச் சொல்லை நம்பலாம்.

தாளைக் கிழித்துத் தூர எறியாதீர்கள். ஒரு கிளிப்பில் கோத்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, "எப்படி இருக்கு?" என்று கேட்டால் அந்தக் கட்டை எடுத்து நீட்டலாம்.

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே

ஒரு வாரம் படுத்தாலே ரத்தத்தில் நீரளவு குறைந்துவிடுகிறது, தொடைச் சதை சட்டென்று வற்றிப்போகிறது. எழுந்ததும் கண் இருட்டுவதும், படி ஏறினால் தொடை நடுங்குவதும் இதனால்தான். அதனால் படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டுப் பிறகு எழுங்கள்.

வீட்டில் கனமான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், பின்னால் நழுவிவிடும். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். 5 முறை. முடியாவிட்டால் கையை ஊன்றியே செய்யுங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது 10 முறை. அப்புறம் திண்ணையிலோ முற்றத்திலோ 5 நிமிடம் நடை. முதல் மூன்று நாளைக்கு இது போதும். பயிற்சி மாதிரியே தோன்றாது, அப்படித்தான் இருக்க வேண்டும். மறுநாள் காலை நன்றாக இருந்தால் எழுந்து உட்காருவதை 5-லிருந்து 7 ஆக்குங்கள், அப்புறம் 10.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்யாதீர்கள். வலியை மறைத்துவிட்டால் மறுநாள் காலை சொல்கிற பதிலும் பொய்யாகிவிடும்.

தெருவுக்கு வரும்போது

வீட்டுக்குள் ஒரு வாரம் தொந்தரவில்லாமல் போயிருந்தால் தெருவுக்கு வரலாம். நான் கரண்டு கம்பத்தை எண்ணித்தான் நடந்தேன். முதல் நாள் நான்காவது கம்பம் வரை போய்த் திரும்பினேன், ஏறக்குறைய 10 நிமிடம். கம்பக் கணக்கில் ஒரு வசதி இருக்கிறது: போன தூரத்தைத் திரும்பியும் வர வேண்டும் என்பதை அது மறக்க விடாது. அசதி தெரிகிற இடத்தில் திரும்பினால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள். தெரிவதற்கு முன்பே திரும்புங்கள்.

வேகம் எவ்வளவு? எதிரே வருகிறவர் "எங்க போறீக?" என்று கேட்டால் நின்று மூச்சு வாங்காமல் முழுதாகப் பதில் சொல்ல முடிய வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். நம் ஊரில் வழியில் நான்கு பேராவது கேட்பார்கள், அதனால் சோதனை தானாகவே நடந்துவிடும்.

ஒரே அளவை மூன்று நாள் வைத்திருங்கள். மூன்று காலையும் 'நல்லது' என்றால் 2 அல்லது 3 நிமிடம் கூட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் செய்யாதீர்கள். ஒரு நாள் சறுக்கினால், அதாவது மறுநாள் அசதி வந்தால், இரண்டு நாள் ஓய்வெடுத்து, கடைசியாகச் செய்ததில் பாதியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். எனக்கு இந்தச் சறுக்கல் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் காரணம் ஒன்றுதான்: நண்பர் கூட வந்தார், பேச்சு சுவாரசியத்தில் கம்பத்தை எண்ண மறந்துவிட்டேன்.

மணல், காற்று, வெயில்

வெளியூரில் எழுதுகிற உடற்பயிற்சிக் குறிப்புகளை அப்படியே நம் கரையில் செய்ய முடியாது. பாக் நீரிணைக் கரையிலோ மன்னார் வளைகுடாக் கரையிலோ இருக்கிறவர்களுக்கு மூன்று சங்கதிகள் கூடுதலாக உண்டு.

முதலில் மணல். அரியமான் கடற்கரை மாதிரி இடங்களில் காய்ந்த மணலில் கால் புதையப் புதைய நடப்பது, தார்ச்சாலையில் நடப்பதைவிடச் சுமார் இரண்டு மடங்கு உழைப்பு. 10 நிமிடம் மணல் நடந்தால் 20 நிமிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணல் பரவாயில்லை. ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே போகும். போகும்போதும் வரும்போதும் அதே வரியில் நடந்தால் சரிவு இரண்டு காலுக்கும் மாறி மாறி வரும். சிக்குன்குனியா வந்த முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் மணலே வேண்டாம், முதல் மாதம் சமதரைதான் நல்லது. உச்சிப்புளி பக்கம் உள்ளே இருப்பவர்கள் கருவேல முள்ளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

அடுத்தது காற்று. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்களில் கரையில் நின்றாலே சட்டை படபடக்கும், மணல் முகத்தில் அறையும். இங்கே ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: புறப்படும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள், திரும்பும்போது காற்று முதுகில் இருக்கட்டும். மாற்றிச் செய்தால் போகும்போது சுகமாகப் போய்விட்டு, களைத்த பிறகு காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வாடைக்காற்று காலத்திலும் இதே கணக்கு, திசைதான் மாறும். பாம்பன் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், பாதியில் உட்கார இடமில்லை, காற்று ஆளைத் தள்ளும். தேறுகிறவர்களுக்கு அது இடமில்லை. அரிச்சல்முனைச் சாலையும் அப்படித்தான். இரண்டு பக்கமும் கடல் பார்க்க அழகாக இருக்கும், ஒதுங்க நிழல் இருக்காது.

மூன்றாவது வெயிலும் புழுக்கமும். வெயிலைத் தாங்குகிற பழக்கம் உடம்புக்கு இருக்கிறது, ஆனால் இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள் படுத்திருந்தால் அது கழன்றுவிடும். திரும்பப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். "பிறந்ததிலிருந்து இந்த வெயில்லதான் கிடக்கோம்" என்று சொல்லிக்கொண்டு பத்து மணிக்கு இறங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கடற்கரையில் வியர்வை சீக்கிரம் காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள். நோன்பு மாதத்தில் நோன்பு திறந்து ஒரு மணி நேரம் கழித்து நடப்பதே நல்லது.

தொழிலே உடற்பயிற்சியாக இருப்பவர்களுக்கு

கீழக்கரையில் என் நண்பனின் லாத்தா (அக்கா) ஒருவர் சிக்குன்குனியாவிலிருந்து எழுந்து மூன்றாவது வாரம். நான் போய் நடைக் கணக்கெல்லாம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, தெனம் தண்ணி வண்டி தள்ளுறேனே, அது எந்தக் கணக்குல வரும்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் ஏறக்குறைய 15 கிலோ. வண்டியில் எட்டுக் குடம் என்றால் 120 கிலோ. மணல் தெருவில் அதைத் தள்ளுவது எந்த ஜிம்மிலும் சொல்லித்தராத பாரம். ஆக, அவருக்கு நடைப்பயிற்சியைக் கூட்டச் சொல்வது தவறு, வண்டியைக் குறைப்பதுதான் முதல் படி. முதல் வாரம் இரண்டு குடம், மற்றதை மகன் கொண்டுவருவது என்று முடிவானது. அடுத்த வாரம் மூன்று. காலண்டரில் நிமிடத்துக்குப் பதிலாக அவர் குடத்தின் எண்ணிக்கையை எழுதினார்.

உங்கள் வேலையையும் இப்படியே எழுதுங்கள். கடலுக்குப் போகிறவர் முதலில் கரை வேலைக்குத் திரும்பலாம்: பிய்ந்த வலையைப் பொத்துவது, வலையைப் பிரித்து மடிப்பது. பிறகு நாட்டுப்படகில் அருகில் போய் அன்றே திரும்புகிற தொழில். ராத்தங்கல் தொழிலும் கரைவலை இழுப்பதும் கடைசியில்தான். கரைவலையில் பத்துப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒருவர் மட்டும் மெதுவாக இழுக்க முடியாது, கூட்டத்தின் வேகம் உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதற்குள் நோயில் விழுந்தவர்கள் தடை முடிந்த முதல் நாளே விசைப்படகில் ஏறத் துடிப்பார்கள். 61 நாள் வருமானம் இல்லாத வீட்டில் அந்த அவசரம் நியாயமானது. ஆனாலும் கச்சான் உச்சத்தில் இருக்கிற நேரம் அது. நடுக்கடலில் மயக்கம் வந்தால் கரைக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியும். முதல் தங்கலை விட்டுவிட்டு இரண்டாவதில் போக முடியுமா என்று படகு முதலாளியான சம்மாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களும் சங்கு குளிக்கிறவர்களும் மூச்சடக்கி முங்குகிறவர்கள். நிமோனியா, கோவிட், மூச்சிழுப்பு வந்த பிறகு மருத்துவர் நெஞ்சைப் பார்க்காமல் முங்கவே கூடாது. தண்ணீருக்குள் மூச்சு முட்டி நினைவு தப்பினால் சத்தம் போடக்கூட முடியாது. காதில் சீழ், அடைப்பு இருந்தாலும் கூடாது. சரி என்று ஆன பிறகும் முதலில் இடுப்பளவு ஆழத்தில் நின்று எடுங்கள், முங்குவதைப் பிறகு பார்க்கலாம். விரலில் துணி சுற்றிக்கொள்கிற மாதிரியே, ஒருவர் முங்கும்போது இன்னொருவர் மேலே நின்று பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு, தண்ணீர்

வெறும் கஞ்சியில் சதை வளராது. காய்ச்சல் நேரத்தில் கஞ்சி சரி, எழுந்த பிறகு மீனுக்கு வாருங்கள். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம். காரல், சாளை, நெத்திலி என்று விலை குறைந்த மீனே போதும். காரமும் புளியும் குறைத்து வைத்தால் வயிறு தாங்கும். மீன் சாப்பிடாதவர்களுக்குப் பருப்பு, பயறு, தயிர், கொண்டைக்கடலை. கருவாடு நாக்குக்கு ருசிதான், அதில் உப்பு அதிகம் என்பதால் அழுத்தம் உள்ளவர்கள் ஒதுக்கிவையுங்கள்.

சாதாரண நடைக்குத் தண்ணீர் போதும். வயிற்றுப்போக்கிலிருந்து எழுந்தவர்கள், நிறைய வியர்க்கிறவர்கள் ஓஆர்எஸ் பொட்டலத்தை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பதநீர் கிடைக்கிற பருவத்தில் எல்லோருக்கும் ஆசை வரும், அதிலும் சர்க்கரை உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் இந்த இரண்டையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் நடக்கப் போகும்போது சட்டைப்பையில் நான்கு மிட்டாய் வைத்திருங்கள். நோய்க்குப் பிறகு திரும்ப நடக்கத் தொடங்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம்.

உடனே நிறுத்த வேண்டியவை

நெஞ்சில் வலி, இறுக்கம். நின்ற பிறகும் அடங்காத படபடப்பு. கண் இருட்டி விழப்போவது போன்ற உணர்வு. படுத்தால் மூச்சு முட்டுவது. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலிப்பது; நீண்ட நாள் படுக்கையில் ரத்தம் உறைந்து அப்படி ஆகலாம். இதில் எது வந்தாலும் அங்கேயே உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். "கேஸ்தான்" என்று சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். தனியாக நடக்கும் முதல் மாதத்தில் போனைக் கையில் வைத்திருங்கள். தனுஷ்கோடிப் பக்கம் எல்லா இடத்திலும் சிக்னல் எடுக்காது, அங்கே துணையோடு போங்கள்.

நான்கைந்து வாரம் ஒழுங்காகச் செய்தும் காலண்டரில் 'அசதி'யே எழுதிக்கொண்டிருந்தால் நீங்கள் சோம்பேறி என்று அர்த்தமில்லை. ரத்தசோகையோ தைராய்டு கோளாறோ இருக்கலாம், அல்லது நோயின் மிச்சமே நீண்டுகொண்டிருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். நடமாட முடியாதவர்களுக்கு, தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வருகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

ஓட்டமும் விளையாட்டும்

30 நிமிடம் நிற்காமல் நடக்க முடிந்து, ஒரு வாரம் முழுக்க ஏழு காலையும் 'நல்லது' என்று எழுதிய பிறகு ஓட்டத்தைத் தொடலாம். 5 நிமிடம் நடை, பிறகு 1 நிமிடம் மெதுவான ஓட்டம், 2 நிமிடம் நடை. இதை 5 முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாலிபால் ஆடுகிறவர்கள் முதல் வாரம் பந்தைத் தட்டிக்கொடுப்பதோடு நிறுத்தி, குதித்து அடிப்பதை மூன்றாவது வாரத்துக்குத் தள்ளுங்கள். நீந்துகிறவர்கள் கச்சான் காலத்தில் வடக்கே பாக் நீரிணைக் கரையில், வாடை காலத்தில் தெற்கே மன்னார் வளைகுடாக் கரையில் இறங்குங்கள், அந்தந்தப் பருவத்தில் அங்கேதான் கடல் அடங்கியிருக்கும். கரைக்கு இணையாக, கால் எட்டுகிற ஆழத்தில் மட்டும்.

நான் பழைய 5 கிலோமீட்டருக்கு வர ஒன்பது வாரம் ஆனது. அன்றைக்குத் திரும்பி வந்ததும் எழுதவில்லை. மறுநாள் காலை படுத்தபடியே நாடியைப் பார்த்தேன், 64. எழுந்து போய்த் தாளில் 'நல்லது' என்று எழுதினேன்.